குளியல் அறையில் குடியிருக்கும் எமன்!

"பிளக் பாயிண்டு" தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்?

சாந்தோம் கடற்காற்று மனிதனுக்குச் சுகம். மின்சார ஒயருக்கு அதுதான் எமன்!

சுவரில் அடித்த ஆணி துருப்பிடிக்கிறது. ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்கிறது. இரும்பு கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்டு அடித்தாலும் அடியில் அரித்துக்கொண்டே போகிறது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம்.

அதே உப்புக்காற்று சுவிட்சு பெட்டிக்குள்ளும் நுழைகிறது. பிளக் பாயிண்டின் பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கிறது. எர்த் கம்பியின் மூட்டை அரிக்கிறது. இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈரக்கையோடு தொடும்போதுதான் தெரிகிறது!

சாந்தோம் நெடுஞ்சாலையின் பழைய பங்களாக்கள் பல இன்று அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. கச்சேரி ரோடு சந்துகளில் ஒரே வீட்டை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் பக்கம் சின்னச் சின்னக் குடியிருப்புகள். எங்கே போனாலும் ஒன்று மட்டும் பொது: குளியல் அறைக்குள் மின்சாரம் வந்துவிட்டது.

முன்பெல்லாம் பாத்ரூமில் ஒரே ஒரு பல்புதான் இருக்கும். அதற்கும் சுவிட்சு வெளியே. இன்று தண்ணீர் ஹீட்டர், வாஷிங் மெஷின், காற்றை வெளியே தள்ளும் விசிறி, தலைமுடி காய வைக்கும் கருவி, செல்போன் சார்ஜர் என்று வரிசையாக வந்துவிட்டன. ஆனால் அறை பெரிதாகவில்லை. அதே ஐந்தடிக்கு ஏழடிதான்!

அந்தச் சின்ன அறைக்குள் தண்ணீரும் மின்சாரமும் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும்? இதற்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அங்குலக் கணக்கில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை, வீடு கட்டுகிற மேஸ்திரிக்கும் தெரிவதில்லை. அதுதான் தொல்லை!

"லேசா சுர்ருன்னு இருக்கு!"

குழாயைத் திறந்தால் கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஷவரைத் தொட்டால் "சுர்" என்கிறது. பல வீடுகளில் இதற்குச் சொல்கிற பதில் ஒன்றுதான்: "லேசாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆவாது. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு குளி!"

இது பதில் அல்ல. எமனுக்கு எழுதுகிற அழைப்புக் கடிதம்.

மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தால் "சுர்" என்று தெரியும். பத்து மில்லி ஆம்பியர் வந்தால் தசை இறுகிவிடும். பிடித்த குழாயை விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் மூச்சு முட்டும். 50, 100 என்று ஏறினால் இதயம் தாளம் தவறித் துடிக்கும். பிறகு சில நிமிடம்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு சின்னது தெரியுமா? இரவு விளக்காக எரிகிறதே பழைய "ஜீரோ வாட்ஸ்" பல்பு, அது உண்மையில் 15 வாட்டு. அது இழுப்பதே 65 மில்லி ஆம்பியர்! அந்தப் பல்பை எரிக்கிற மின்சாரத்தில் பாதி, ஒரு மனிதனின் மூச்சை நிறுத்தப் போதும்.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் தடுக்காது. குளித்துக்கொண்டிருப்பவரின் உடல் தடையை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், நம் வீட்டு 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். கூடத்தில் நின்று தொட்டால் உதறிவிட்டுத் தப்பிக்கிறவர், பாத்ரூமில் அதே ஒயரைத் தொட்டால் தப்பிப்பதில்லை. காரணம் இதுதான்.

பியூஸ் காப்பாற்றாதா?

"மெயின் போர்டுல எம்.சி.பி. போட்டிருக்கோமே! ஷாக் அடிச்சா அது விழுந்திடாதா?" என்று கேட்பவர்கள் அநேகம்.

விழாது!

ஹீட்டருக்குப் போடுகிற எம்.சி.பி. 16 ஆம்பியர். அதாவது 16 ஆயிரம் மில்லி ஆம்பியர். மனிதன் வழியாகப் பாய்வது 230 மில்லி ஆம்பியர். யானைக்கு வைத்த கதவு எறும்புக்கு எப்படி மூடும்? பியூசும் எம்.சி.பி.யும் ஒயர் தீப்பிடிக்காமல் காக்க வந்தவை. மனிதனைக் காக்க வந்தது வேறு சாதனம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

தொட்டியைச் சுற்றி மூன்று கோடுகள்

குளியல் தொட்டி வைத்துக் குளிக்கும் நாடுகள்தான் இந்தச் சட்டத்தை முதலில் எழுதின. சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் என்ற அமைப்பின் 60364 என்ற விதித் தொகுப்பில் குளியல் அறைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஒயரிங் விதி ஐ.எஸ். 732. அது 2019-ல் திருத்தப்பட்டபோது இந்தச் சர்வதேச விதிகளை ஒட்டியே எழுதப்பட்டது.

அந்தக் கணக்கு இதுதான்:-

தொட்டிக்கு உள்ளே இருக்கும் இடம் "பூஜ்ய மண்டலம்".

தொட்டிக்கு நேர் மேலே, தரையிலிருந்து இரண்டேகால் மீட்டர் உயரம் வரை "முதல் மண்டலம்". அதாவது ஏழடிக்குச் சற்று மேல்.

தொட்டியின் விளிம்பிலிருந்து இன்னும் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி தள்ளி இருக்கும் இடம் "இரண்டாம் மண்டலம்".

இந்த மூன்று மண்டலத்துக்குள்ளும் சாதாரண பிளக் பாயிண்டு வைக்கவே கூடாது. முகச்சவரக் கருவிக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் வைத்த பாயிண்டு மட்டும் இரண்டாம் மண்டலத்தில் இருக்கலாம். வேறு எந்த பாயிண்டும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான். அதற்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு வேண்டும்.

ஏன் இரண்டடி? தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினால் பாயிண்டு எட்டக்கூடாது. பாயிண்டில் மாட்டிய கருவி நழுவினாலும் தொட்டிக்குள் விழக்கூடாது. இந்தப் பயத்தில் போட்ட கோடு அது.

நம் ஊருக்கு நாலடிக் கணக்கு!

"எங்க வீட்டுல தொட்டியே இல்லையே! பக்கெட்டும் சொம்பும்தானே!" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொட்டி இல்லாத ஷவருக்கும் அதே விதியில் கணக்கு இருக்கிறது.

தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து சுற்றிலும் 120 சென்டிமீட்டர். அதாவது நாலடி! தொட்டி வீட்டைவிட இங்கே ஆபத்து வட்டம் பெரிது. ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஷவரில் அறை முழுக்கத் தெறிக்கும். குளிப்பவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இதை நம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம். குறுகலான சுவரின் நடுவில் ஷவர். அங்கிருந்து நாலடி அளந்தால் மீதி இருப்பது மூன்றடி. அதுவும் வாசல் கதவுப் பக்கம். பிளக் பாயிண்டு வைப்பதென்றால் அங்கேதான் வைக்க வேண்டும்.

நாலடிக்கு ஐந்தடி பாத்ரூம் என்றால்? ஷவரில் இருந்து அளந்தால் கதவு வரை கோடு வந்துவிடும். அப்படிப்பட்ட அறைக்குள் பாயிண்டே கூடாது. வெளிச் சுவரில்தான் வைக்க வேண்டும்.

உயரத்துக்கும் விதி உண்டு. பாத்ரூமில் 130 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது நாலேகால் அடிக்குக் கீழே, பிளக் பாயிண்டு கூடாது என்பது நம் நாட்டு மின் விதிகளில் உள்ள வாசகம். பக்கெட் தண்ணீர் தெறிக்கும் உயரமும், குழந்தையின் கை எட்டும் உயரமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. வாஷிங் மெஷினுக்காக முழங்கால் உயரத்தில் பாயிண்டு வைத்திருக்கும் வீடுகள் இந்த வரியை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

ஹீட்டர் மட்டும் சுவரில் மேலே தொங்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் அதன் பிளக்கும் சுவிட்சும் ஷவருக்குப் பக்கத்தில் தொங்கக்கூடாது. பாத்ரூமுக்கு வெளியே 20 ஆம்பியர் "டி.பி." சுவிட்சு வைத்து, அங்கிருந்து ஒயரை நேராக ஹீட்டருக்குக் கொண்டுபோவதே முறை. அந்தச் சுவிட்சு இரண்டு ஒயரையும் ஒன்றாகத் துண்டிக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஹீட்டர் ஓடுகிறது. அணைந்தால் குளிக்கப் போகலாம்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் குளியல் அறைக்குள் சாதாரண பிளக் பாயிண்டைப் பார்ப்பதே அபூர்வம். 2008 விதிப்படி தொட்டியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 2022-ல் அதை இரண்டரை மீட்டராகக் குறைத்தார்கள். சின்ன வீட்டுப் பாத்ரூமில் இரண்டரை மீட்டர் எங்கே கிடைக்கும்? ஆகவே பாயிண்டே வைப்பதில்லை. விளக்குக்கும் கூரையிலிருந்து கயிறு தொங்கும். ஈரக்கையால் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும். கை சுவிட்சைத் தொடாது.

அமெரிக்கா வேறு வழியில் போகிறது. அங்கே வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் பாயிண்டு கட்டாயம் வேண்டும் என்கிறது சட்டம். இல்லாவிட்டால் ஜனங்கள் நீள ஒயரை இழுத்துக்கொண்டு வருவார்கள். அது இன்னும் ஆபத்து என்பது வாதம். ஆனால் குளியல் தொட்டியிலிருந்து மூன்றடிக்குள் பாயிண்டு கூடாது. குளியல் அறைப் பாயிண்டுக்குக் கசிவுத் தடுப்புச் சாதனம் கட்டாயம். இந்தக் கட்டாயம் 1975-லேயே அங்கு வந்துவிட்டது.

அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நமக்கு 230. ஏறக்குறைய இரு மடங்கு!

பாரிஸ் பாடகர்... சென்னை வந்த துறவி...

பெயர் பெற்றவர்களையும் இந்த எமன் விட்டுவைக்கவில்லை.

கிளாது பிரான்சுவா. பிரான்சு நாடே கொண்டாடிய பாடகர். வயது 39. 1978 மார்ச் 11-ந் தேதி பாரிசில் தன் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த விளக்கு கோணலாக இருந்தது. தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டி அதைச் சரி செய்யப் போனார். மின்சாரம் தாக்கிவிட்டது. பிழைக்கவில்லை. எட்டக்கூடாத இடத்தில் இருக்க வேண்டிய விளக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. விதி போட்ட கோட்டின் அர்த்தம் இதுதான்.

இன்னொருவர் நம் ஊருக்கு வந்து போனவர். தாமஸ் மெர்ட்டன் என்ற அமெரிக்கத் துறவி. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். 1968 நவம்பர் கடைசியில் சென்னை வந்தார். மாமல்லபுரம் போய்ச் சிற்பங்களைப் பார்த்தார். பிறகு இலங்கை சென்று பொலன்னறுவை புத்தர் சிலைகளின் முன் நின்றார். அங்கிருந்து பாங்காக் பயணம்.

டிசம்பர் 10-ந் தேதி பாங்காக் அருகே ஒரு மாநாட்டில் பேசினார். மதியம் தன் அறைக்குத் திரும்பினார். பிறகு அவரைக் கண்டபோது உயிர் இல்லை. மேலே ஒரு மின்விசிறி விழுந்து கிடந்தது. குளித்துவிட்டு வந்து விசிறியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கியது என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. விசிறியின் ஒயரில் கோளாறு இருந்ததாகப் போலீஸ் அறிக்கை சொன்னது. அவருடைய மரணம் பற்றி வேறு பேச்சுகளும் உண்டு. ஆனால் ஈர உடம்பு, கல் தரை, கோளாறான ஒயர் மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. அவருக்கு வயது 53.

பிரபலங்கள் என்பதால் இவை உலகத்துக்குத் தெரிந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019, 2020, 2021 ஆகிய ஒவ்வொரு வருடமும் இந்தியாவில் 12 ஆயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். வயல், ரோடு, தொழிற்சாலை, வீடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல்!

எர்த் எங்கே போச்சு?

சாந்தோம், மயிலாப்பூர் பழைய வீடுகளில் இன்னொரு மர்மம் உண்டு.

அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய் எல்லாம் இரும்பு. பூமிக்கு அடியில் போகும். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் கம்பியை அந்தக் குழாயிலேயே சுற்றிவிடுவார்கள். முறை இல்லைதான், ஆனாலும் கசிகிற மின்சாரம் எப்படியோ பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? இரும்புக் குழாய் துருப்பிடித்தது. பிளம்பர் வந்தார். இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். தண்ணீர் நன்றாக வந்தது. எர்த் போய்விட்டது! வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று துளை பிளக் பாயிண்டில் மேலே இருக்கிற பெரிய துளை வெறும் அலங்காரமாக நிற்கிறது.

இதைவிடக் கொடுமை இன்னொன்று. "எர்த் இல்லையா? கவலைப்படாதீங்க" என்று நியூட்ரல் ஒயரிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த் துளைக்கு இணைத்துவிடுகிற கைவேலை. ஒன்றும் நடக்காதவரை எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு நாள் நியூட்ரல் கம்பி மூட்டு கழன்றால் போதும். ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட்டு நிற்கும். காப்பாற்ற வந்த கம்பியே கழுத்தை நெரிக்கும்!

எர்த் சரியாக இருக்கிறதா என்பதை ஸ்குரூ டிரைவர் டெஸ்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அது பேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எர்த்தின் தடையை அளக்கத் தனி மீட்டர் வேண்டும். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அது இருக்கும். கடலோரத்தில் எர்த் குழி பழுதாவது சீக்கிரம். மண்ணில் உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாக இறங்கும் என்பது உண்மை. அதே உப்பு குழியில் இறக்கிய இரும்புக் குழாயையும் தின்றுவிடும் என்பதும் உண்மை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

உப்புத் தண்ணீரும் ஹீட்டரும்

கடற்கரையை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது புதிய செய்தி அல்ல. குடிக்க முடியாது என்பதால் குளிக்கவும் துவைக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் போகிறது.

ஹீட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு மேலே ஓர் உலோக உறை உண்டு. உப்பும் சுண்ணாம்பும் அதன் மேல் படிகின்றன. உறை அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக மின்சாரத்தைத் தொடும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால்? குழாய் பிளாஸ்டிக்தான், ஆனால் அதற்குள் இருக்கும் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஷவர் வழியாகத் தலைக்கு வரும்!

"சுர்ருன்னு இருக்கு" என்று ஆரம்பத்தில் பார்த்தோமே, அதன் மூலம் பல வீடுகளில் இதுதான்.

தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹீட்டர்களுக்குள் பெரும்பாலும் மக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும். உப்பு முதலில் அதைத் தின்னட்டும், தொட்டி பிழைக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். தண்டு கரைந்துவிட்டால் அடுத்தது தொட்டிதான். நல்ல தண்ணீர் வருகிற ஊரில் பல வருடம் தாங்குகிற தண்டு, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். சர்வீசுக்கு வருபவரிடம் "தண்டைப் பாருங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

பக்கெட்டுக்குள் எமன்!

ஹீட்டர் வாங்க வசதி இல்லாத வீடுகளில் "ராடு". பக்கெட்டில் தொங்கவிட்டுத் தண்ணீர் சுட வைக்கிற கம்பி. மார்கழி மாதம் வந்தால் கடைகளில் மாலையாகத் தொங்கும்.

வெளிநாட்டுச் சட்டம் தொட்டிக்குள் மின்சாரமே கூடாது என்கிறது. நம் தொட்டி பக்கெட்டுதான். அதற்குள்ளேயே 1,500 வாட்டு கம்பியை இறக்குகிறோம்! ஆகவே இதில் ஒரு தவறுக்கும் இடம் இல்லை.

தண்ணீர் சுட்டதா என்று கையை விட்டுப் பார்ப்பதுதான் பல உயிர்களைக் குடித்த பழக்கம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சு தவறுதலாக நியூட்ரல் ஒயரில் இருந்தால், அணைத்த பிறகும் ராடில் மின்சாரம் நிற்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். ராடு தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். பக்கெட்டு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். குளியல் அறைக்குள் வைத்துச் சுட வைக்கக் கூடாது. ஈரமில்லாத இடத்தில் வைத்து, குழந்தைகள் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராடுக்கும் ஹீட்டருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். 2003-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. முத்திரை இல்லாமல் ப்ளாட்பாரத்தில் மலிவாகக் கிடைப்பது லாபம் அல்ல.

30 மில்லி ஆம்பியர் காவல்காரன்

இப்போது அந்தச் சாதனத்துக்கு வரலாம். பெயர் ஆர்.சி.சி.பி. ஆர்.சி.டி. என்றும் சொல்வார்கள். மெயின் போர்டில் எம்.சி.பி.க்குப் பக்கத்தில், "டி" என்று போட்ட சின்னப் பொத்தானோடு இருக்கும்.

இது செய்கிற வேலை எளிது. பேஸ் ஒயரில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். வழியில் கொஞ்சம் காணாமல் போனால், அது எங்கோ கசிகிறது. ஒரு மனிதன் வழியாகவும் கசியலாம். 30 மில்லி ஆம்பியர் குறைந்ததும் "டக்" என்று துண்டித்துவிடும். தரக் கணக்குப்படி 0.3 நொடிக்குள். கசிவு ஐந்து மடங்கு இருந்தால் 0.04 நொடிக்குள்! இதயம் ஒருமுறை துடித்து முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும்.

1961-ல் இந்தச் சாதனத்தின் அமெரிக்க வடிவத்தை உருவாக்கியவர் சார்லஸ் டால்சியல் என்ற கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் மனிதனால் கையை விடுவிக்க முடியாது என்பதைத் தாமாக முன்வந்தவர்களை வைத்து அளந்தவரும் அவரே.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் என்ற வரம்பை வைத்துள்ளன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2020-க்குப் பிறகு புதிய இணைப்புகளுக்கு இந்தச் சாதனத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் 20, 30 வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில்? யாரும் வந்து தேடிப் பார்ப்பதில்லை. நாமாகப் போட்டால்தான் உண்டு.

ஓர் எச்சரிக்கை. இது தெய்வம் அல்ல. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் இதற்குத் தெரியாது. ஆகவே தூரக் கணக்கும் வேண்டும், எர்த்தும் வேண்டும், இதுவும் வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. உப்புக்காற்றில் ஒயரிங் கெட்டுப்போன வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டால் அடிக்கடி விழும். "சும்மா சும்மா விழுதுங்க. டைரக்டா குடுத்திடட்டுமா?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். குரைக்கிற நாயைத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது என்பது இதுதான்! அது சும்மா விழவில்லை. எங்கோ கசிகிறது என்று கத்துகிறது. கசிவைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் யார் செலவு?

இங்கேதான் வம்பு.

"ஹீட்டர் நீங்க மாட்டினது. நீங்களே பாத்துக்குங்க" என்கிறார் வீட்டுக்காரர். "ஒயரிங் உங்களது. நான் ஏன் செலவு பண்ணணும்?" என்கிறார் குடித்தனக்காரர். இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் குழாய் "சுர்" என்கிறது.

நல்ல கம்பெனி ஆர்.சி.சி.பி. ஒன்று, பொருத்தும் கூலியோடு சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆளுக்குப் பாதி போட்டாலும் வீட்டுக்காரருக்குச் சொத்து மிஞ்சும். குடித்தனக்காரருக்கு உயிர் மிஞ்சும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே "எர்த் சரி பார்த்துக் கொடுக்கப்பட்டது, ஆர்.சி.சி.பி. உள்ளது" என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பிறகு சண்டை இல்லை.

பல பேர் ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தும் மேன்ஷன்களிலும் விடுதிகளிலும் ஆபத்து இன்னும் அதிகம். எல்லோரும் குளிக்கிறார்கள், யாரும் பொறுப்பு இல்லை.

ஷாக் அடித்தால்...

பாத்ரூமில் ஒருவர் விழுந்து கிடந்தால் பதறி ஓடித் தொடக்கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து பலியாவது இப்படித்தான்.

முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எட்டாவிட்டால் உலர்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றால் ஒயரைத் தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறவர் ஈரத்தில் நிற்கக் கூடாது.

மின்சாரம் போனது உறுதியானதும் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இதயத்தின் தாளம் பிறகும் தவறலாம்.

தெருக் கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் "மின்னகம்" எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் ஓர் இஞ்சு டேப்பை எடுங்கள். ஷவரிலிருந்தும் குழாயிலிருந்தும் பிளக் பாயிண்டு வரை அளந்து பாருங்கள். நாலடிக்குள் இருந்தால் அந்தப் பாயிண்டை மூடச் சொல்லுங்கள்.

மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். "டி" பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அமுக்குங்கள். உடனே மின்சாரம் போக வேண்டும். போகாவிட்டால் சாதனம் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள். பொத்தானே இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வரும் எலக்ட்ரீஷியனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எர்த் எங்கே இறங்குகிறது? அதன் தடையை மீட்டர் வைத்து அளந்தாயிற்றா? சுவிட்சு பேஸ் ஒயரில்தான் இருக்கிறதா? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். சார்ஜரில் மாட்டிய செல்போனைப் பாத்ரூமுக்குள் கொண்டுபோகாதீர்கள். குழாய் "சுர்" என்றால் அன்றைக்கே மெயினை அணையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

அளந்து பார்க்க ஐந்து நிமிடம். பொத்தானை அமுக்க ஒரு நொடி. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை இது!